கமிஷனர் துரையும் கம்புப் பஞ்சாயத்தும்

1893 அக்டோபர் 17 அன்று இமயமலையின் குமாவுன் பகுதி மலைக்காரர்கள் வழக்கம்போல எழுந்தார்கள், அடுப்பை மூட்டினார்கள், மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. நந்தாதேவி சிகரம் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் முதல் நாள் வரை 'எங்கள் காடு' என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த அத்தனையும் அன்றைக்கு சர்க்கார் சொத்தாகிவிட்டது. எல்லாம் ஓர் அரசாணையின் வேலை. அதன் சாரம் இவ்வளவுதான்: குமாவுனில் எந்த நிலத்தையெல்லாம் இதுவரை அளக்கவில்லையோ, அதெல்லாம் இனிமேல் பாதுகாக்கப்பட்ட காடு.

அளந்திருக்க வேண்டியவர் யார்? அதே சர்க்கார்தான். ஏன் அளக்கவில்லை? வயலுக்குத்தானே வரி வருகிறது, வயலை மட்டும் அளந்தார்கள். செங்குத்துக் காட்டில் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும் என்று சர்வேயருக்கு என்ன தலையெழுத்தா? ஆக, அளக்காமல் விட்டவரே, அளக்கவில்லை என்பதைக் காரணம் காட்டி நிலத்தை எடுத்துக்கொண்டார். தாலுகா ஆபீசில் புறம்போக்கு விவகாரத்துக்காகச் செருப்புத் தேய நடந்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் பழகியதுதான்.

அல்மோராக்காரரும் வக்கீலுமான கோவிந்த வல்லப பந்த் (பிற்பாடு உத்தரப் பிரதேச முதல்வர், அதற்கும் பிற்பாடு இந்திய உள்துறை மந்திரி) 1922-இல் குமாவுன் காட்டுப் பிரச்சினை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இந்த ஆணையில் 'காடு' என்று எதெல்லாம் சேர்க்கப்பட்டது என்று பட்டியல் போட்டார். பனி மூடிய சிகரம், மொட்டைப் பாறை, ஆறு, ஏரி, கோயில் நிலம், மேய்ச்சல் வெளி, சாலை, கட்டடம், கடை. ஆமாம், கடையும்தான். பலசரக்குக் கடை வைத்திருந்தவர் அன்றிலிருந்து வனவாசி.

இத்தனைக்கும் இந்த மலையின் எல்லைகளை எழுதி வைத்தது வெள்ளைக்காரர்களேதான். 1815-இல் கூர்க்காக்களிடமிருந்து குமாவுனைப் பிடித்த கம்பெனி, சில வருடங்களில் ஜார்ஜ் வில்லியம் டிரெய்ல் என்பவரிடம் அதை ஒப்படைத்தது. டிரெய்ல் 1823-இல் ஊர் ஊராக எல்லை எழுதினார். இந்த ஓடையிலிருந்து அந்த முகடு வரை இன்ன ஊர், முகட்டுக்கு அந்தப்பக்கம் இன்ன ஊர் என்று, ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டிய இடமெல்லாம் எல்லையாக ஏட்டில் ஏறியது. அது விக்கிரம சகாப்தம் 1880 என்பதால் மக்கள் அதற்கு 'எண்பதாம் வருஷத்து எல்லை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். எல்லைக்குள் வயல் இருந்தது, காடும் இருந்தது. எல்லாம் ஊருக்குச் சொந்தம் என்றுதான் ஊர் புரிந்துகொண்டது. வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்? எழுபது வருடம் கழித்து சர்க்கார் வந்து, 'எல்லை எழுதியது நிர்வாக வசதிக்கு; அதற்காக நீங்கள் சொந்தக்காரர் என்று அர்த்தமில்லை' என்றது.

சர்க்காருக்கு எதற்குக் காடு? ரயிலுக்கு. 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் வண்டி ஓடிய கையோடு தேசம் முழுக்கத் தண்டவாளம் போட ஆரம்பித்தார்கள். ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2000 சிலீப்பர் கட்டை வேண்டும். கறையானுக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்கும் மரங்கள் என்று பார்த்தால் தேக்கு, சால், தேவதாரு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். காண்டிராக்டர்கள் இமயமலை அடிவாரத்தில் புகுந்தார்கள். 1855-க்கும் 1861-க்கும் இடையில் குமாவுன், கர்வால் மலையடிக் காடுகளை அவர்கள் வெட்டிச் சாய்த்த வேகத்தில், சாய்த்ததைக் கீழே இறக்க வழியிருக்கிறதா என்று யோசிக்க நேரமில்லாமல் போயிற்று. மரங்கள் விழுந்த இடத்திலேயே அழுகின. இதைப் பார்த்து அரசாங்கம் பதறியது. இப்படியே போனால் காடு என்னத்துக்கு ஆகும்? உடனடியாகப் பாதுகாக்க வேண்டும். யாரிடமிருந்து? மாட்டுக்குத் தழை ஒடிக்கும் பெண்களிடமிருந்து.

பாதுகாக்க ஆள் வேண்டுமே. இங்கிலாந்தில் கப்பல் கட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், காடு வளர்க்கத் தெரிந்தவர்கள் இல்லை. எனவே 1864-இல் இந்திய வனத்துறையைத் தொடங்கியபோது ஜெர்மானியரான தீட்ரிக் பிராண்டிஸைத் தலைவராக்கினார்கள். அவருக்குப் பிறகு வந்த இருவரும் ஜெர்மானியர்களே. பிராண்டிஸ் கொஞ்சம் நிதானமான மனிதர். ஊர்க்காடு என்று ஒன்றை ஊர்களுக்கு விட்டுவைக்கலாம் என்று நினைத்தவர். இந்த யோசனை பேடன் ஹென்றி பேடன்-பவல் என்ற அதிகாரிக்கு அறவே பிடிக்கவில்லை. சாரணர் இயக்கம் கண்ட பேடன்-பவலுக்கு இவர் மாற்றாந்தாய் வழி அண்ணன். அப்பா ஒன்று, அம்மா வேறு. தம்பி பையன்களுக்குக் காட்டில் கூடாரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தார். அண்ணன் காட்டில் ஏற்கெனவே இருந்தவர்களைக் கிளப்பச் சட்டம் எழுதினார். எழுத்தில் பதிவான உரிமை இருந்தால் அது உரிமை. சும்மா வழக்கமாக அனுபவித்து வந்தது சர்க்கார் பெரியமனது பண்ணிக் கொடுத்த சலுகை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது அவர் கட்சி. 1878-ஆம் வருடத்து வனச் சட்டத்தில் ஏறக்குறைய அந்தக் கட்சியே ஜெயித்தது.

எதிர்ப்புக் குரல் வந்தது எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? நம்ம சென்னையிலிருந்து. சென்னை ரெவின்யூ போர்டு அதிகாரிகள், இந்த மாகாணத்தில் ஏதாவது ஓர் ஊரின் எல்லைக்குள் வராத காடு என்று ஒன்றைக் காண்பதே அரிது, எல்லாவற்றிலும் ஊர்க்காரர்களுக்கு விறகு, தழை, மேய்ச்சல் பாத்தியதை இருக்கிறது, அதை எப்படி சர்க்கார் சொத்து என்பது என்று எழுத்திலேயே மல்லுக்கு நின்றார்கள். 1878 சட்டத்துக்குள் சென்னை வரவில்லை. மெச்சத்தக்க வீரம். நான்கு வருடம் நீடித்தது. 1882-இல் சென்னைக்கு என்று தனியாக ஒரு வனச் சட்டம் வந்தது, பிராண்டிஸ் நேரில் வந்து கவனித்துக்கொண்டார், கதை முடிந்தது.

குமாவுனுக்குத் திரும்புவோம். அங்கே பெரும்பாலும் நிற்பது இரண்டு சாதி மரம். ஒன்று பாஞ்ச் என்று மலைக்காரர்கள் சொல்லும் ஓக். இலை மாட்டுக்குத் தீவனம். மாடு மிதித்துச் சாணியோடு கலந்த சருகு வயலுக்கு எரு. கிளை அடுப்புக்கு விறகு. அடியில் ஈரம் தங்குவதால் ஊற்று வற்றாது. ஊர் முழுக்க அந்த மரத்தின் தயவில்தான் ஓடியது. ஒரே குறை, ரயிலுக்கு உதவாது. அதனால் சர்க்கார் கணக்கில் அது தண்டம்.

இன்னொன்று சிர் பைன். மாடு தின்னாது. உதிரும் ஊசியிலை மக்கவும் மாட்டாமல் வழுக்கலாக மலைச்சரிவில் கிடக்கும். மலையில் அதன் பெயர் பிருல். சித்திரை வெயிலில் காய்ந்துவிட்டால் ஒரு பீடித்துண்டு போதும். மலைக்காரர்கள் மழைக்கு முன்னால் பைன் காட்டின் தரையில் தாங்களே தீ வைப்பார்கள். மெல்லிசாக எரியும், பிருல் சாம்பலாகும், முதல் மழைக்குப் புல் பச்சைப் பசேல் என்று வரும். வளர்ந்த பைன் மரத்துக்குப் பட்டை கனம். அந்தச் சின்னத் தீ அதை ஒன்றும் செய்யாது.

இந்தப் பைன் மரமும் சர்க்காருக்கு முதலில் வேண்டாத மருமகள்தான். அப்புறம் இரண்டு விஷயம் தெரியவந்தது. மருந்து ஏற்றினால் அதையும் சிலீப்பர் கட்டையாக்கலாம். அடிமரத்தில் பட்டையைச் சீவி, பள்ளம் வெட்டி, கீழே ஒரு கிண்ணம் மாட்டினால் பிசின் சொட்டும். அதைக் காய்ச்சினால் டர்பன்டைன், மிச்சம் ரோசனம். பெயின்ட்டுக்கு, சோப்புக்கு, காகிதத்துக்கு எல்லாவற்றுக்கும் சந்தை. முதல் உலகப்போர் வந்து அமெரிக்கச் சரக்கு வருவது சிக்கலானதும் குமாவுன் பிசினுக்கு யோகம் அடித்தது. வேண்டாத மருமகள் ராஜாத்தி ஆனாள்.

1911-இலிருந்து 1917-க்குள் 3000 சதுர மைலுக்கு மேல் ரிசர்வ் காடாக அறிவித்தார்கள். எல்லைக்கல் வயல் வரப்பை ஒட்டி வந்து நின்றது. ஒரு வீட்டுக்கு எத்தனை மாடு, எத்தனை ஆடு, எந்தக் கிளையை ஒடிக்கலாம், எந்த மாதம் நுழையலாம் என்று சட்டங்கள் வந்தன. தீ மூட்டக் கூடாது என்பது எல்லாவற்றுக்கும் மேலான சட்டம். இவற்றை அமல்படுத்தச் சம்பளத்துக்கு ஒரு காவலர், ஊர் வாயில் 'பத்ரௌல்'. காட்டுக்குப் போவது பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் என்பதால், பத்ரௌலின் வீரமும் பெரும்பாலும் அவர்களிடமே வெளிப்பட்டது. எந்த ஆவணத்திலும் இல்லாத ஓர் உரையாடலை இங்கே நானே எழுதிக்கொள்கிறேன். நிஜம் இதற்கு ரொம்ப தூரத்தில் இருந்திருக்காது.

"யாரது, மரத்து மேல?"

"நான்தான் தம்பி. மாட்டுக்குத் தழை ஒடிக்கிறேன்."

"இது ரிசர்வ்னு தெரியுமில்ல? இறங்கு. அரிவாளைக் குடு."

"எங்க மாமியார் ஒடிச்ச கிளைதான் இது. மறுபடி தளிர்த்திருக்கு பாரு. உச்சியில கை வைக்க மாட்டோம்."

"அதெல்லாம் ரூல்ல இல்ல."

"உன் ரூல் என்னிக்காவது மரத்துல ஏறிப் பாத்திருக்கா?"

அரிவாள் பறிபோகும். அபராதம் வரும். அல்லது அபராதத்துக்குப் பதில் ஒரு டப்பா நெய் போகும். சாயங்காலம் அதே பெண் வேறு பக்கமாகக் காட்டுக்குள் நுழைவாள். மாடு பசித்தால் அரசாணை படிக்காது. முன்பெல்லாம் உச்சியில் கை வைக்காதவள், இப்போது அகப்பட்டதை வெட்டிக்கொண்டு பத்ரௌல் வருவதற்குள் ஓட வேண்டும். நாளைக்கு இந்த மரம் தளிர்க்குமா என்ற கவலை நேற்றோடு போயிற்று. மரம் யாருடையதோ அவர் பட்டுக்கொள்ளட்டும்.

இதற்கு மேல் 'கூலி உதார்' என்று ஒன்று. துரைமார் மலைச்சுற்றுலா வந்தால் அவர்கள் மூட்டைமுடிச்சைக் கூலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர்க்காரர்கள் சுமக்க வேண்டும். யார் முறை என்பதற்கு ஊர்த் தலைவரிடம் பதிவேடு இருக்கும். 1921 ஜனவரியில் மகர சங்கராந்தித் திருவிழாவுக்காக பாகேஷ்வரில் சரயு நதிக்கரையில் ஆயிரக்கணக்கில் கூடியபோது, பத்ரி தத் பாண்டே முதலானவர்கள் பேசினார்கள். ஊர்த் தலைவர்கள் பதிவேடுகளைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டெறிந்தார்கள். தண்ணீரில் போனது அது. நெருப்பில் போக வேண்டியது மிச்சமிருந்தது.

அந்த வருடக் கோடையில் குமாவுன் எரிந்தது. பிருல் வருடக்கணக்காகக் குவிந்து கிடந்தது, தரையை எரிக்கத்தான் தடை ஆயிற்றே. மரத்துக்கு மரம் சீவிய பள்ளத்தில் பிசின் வழிந்து நின்றது. தரைத்தீ அங்கே தொட்டதும் நேரே மேலே ஏறியது. கனத்த பட்டையைச் சீவி எடுத்துவிட்ட பிறகு மரத்துக்கு என்ன கவசம்? இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. பெரும்பாலான தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று வனத்துறையே கணக்கு எழுதியது. உலகப்போரில் சர்க்காருக்காகச் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பிய சிப்பாய்களும் இதில் உண்டு. சிலரைப் பிடித்தார்கள், ஜெயிலில் போட்டார்கள். ஆனால் மொத்த மலையிலும் 'நான் பார்த்தேன்' என்று சாட்சி சொல்ல ஆள் பிடிப்பது மகா கஷ்டமாக இருந்தது. பகல் வெளிச்சத்தில், பத்து மைல் தூரத்துக்குத் தெரியும் தீ. யாரும் பார்க்கவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. இந்தத் தீயை ஆவணங்களில் தோண்டி எழுதியவர் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. டேராடூனில் பிறந்தவர், அப்பா அங்கே வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். 1989-இல் வந்த அவர் புத்தகம் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறது: எரிந்தவை பைன் காடுகள், பிசின் டிப்போக்கள். அதே வனத்துறையின் கையில் பெரிய பெரிய ஓக் காடுகளும் இருந்தன. அவற்றில் தீ வைத்ததற்குத் தடயம் இல்லை. கண்மூடித்தனமான கும்பல் என்று ரிப்போர்ட்டில் எழுதப்பட்டவர்கள், மலை முழுக்கப் பற்றி எரிந்துகொண்டிருந்தபோது எந்த மரம் யாருக்கு வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எரித்திருக்கிறார்கள். வனத்துறையின் வரைபடத்தைவிடத் துல்லியமான வரைபடம் தலையில் இருந்திருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் அரசாங்கம் 1921-இலேயே ஒரு குறைகேட்புக் கமிட்டி போட்டது. தலைவர் யார் தெரியுமா? கமிஷனர் பெர்சி விண்டம். ரிசர்வ் செய்து முடித்தபோதும், காடு எரிந்தபோதும் அந்த மலைக்குக் கமிஷனராக இருந்தவர். புலிவேட்டையில் கில்லாடி, ஜிம் கார்பெட்டின் சிநேகிதர், இருவரும் சேர்ந்து ஆப்பிரிக்காவில் நிலம்கூட வாங்கினார்கள். தன் நிர்வாகத்தின் மேல் வந்த புகாரைத் தானே விசாரித்தார் என்பதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் மனிதர் ஒழுங்காகவே விசாரித்தார். தீ வைத்ததற்கு ஒரு சாட்சி கிடைக்காமல் திண்டாடிய அதே மலையில், குறை சொல்ல 5000 பேருக்கு மேல் வரிசையில் வந்து நின்றார்கள். எல்லைக்கல் வாசலில் நிற்கிறது, பத்ரௌல் தொல்லை தாங்கவில்லை, தழைக்குத் தடை, மேய்ச்சலுக்குத் தடை. எல்லாம் கேட்டுவிட்டு கமிட்டி காட்டை இரண்டாகப் பிரித்தது. காசு வராத காடு, அதாவது பெரும்பாலும் ஓக், முதல் வகுப்பு. இது வனத்துறையிடமிருந்து ரெவின்யூ துறைக்குப் போனது. மக்கள் தாராளமாக உபயோகித்துக்கொள்ளலாம். காசு வரும் காடு இரண்டாம் வகுப்பு. அது வனத்துறையிடமே இருக்கும். முதல் வகுப்பு கொடுத்தார்களே என்று சந்தோஷப்பட்டவர்கள் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை.

தாராளம் என்றார்கள், சொந்தம் என்று சொல்லவில்லை. வனத்துறை கழன்றுகொண்டது, ரெவின்யூ துறைக்கு அதைப் பார்க்க ஆள் இல்லை, ஊருக்கோ உரிமைப்பத்திரம் இல்லை. நம் ஊர் வெட்டாவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் வெட்டுவான், அவனைத் தடுக்க நமக்கு என்ன அதிகாரம் என்ற நிலை. தீயின் நடுவே பிழைத்த ஓக், இந்தத் தாராளத்தில் அடிவாங்கியது. 'பார்த்தீர்களா, இவர்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான்' என்று வனத்துறை அதிகாரிகள் கைகொட்டினார்கள். கொடுக்கவே இல்லையே ஐயா! பூட்டை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டீர்கள். சாவி யாரிடம் தந்தீர்கள்?

அந்த வீழ்ச்சிக்கு நடுவிலும் சில ஊர்களில் காடு நன்றாக இருந்தது. போய் விசாரித்தால், அங்கே ஊர்க்காரர்களே சட்டவிரோதமாக ஒரு பஞ்சாயத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். பதிவு இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. ஒரு காவலாள், அவர் கையில் ஒரு கம்பு. வீட்டுக்கு வீடு தானியம் வசூல் பண்ணி அவருக்குக் கூலி. பெயரே 'லட்ட பஞ்சாயத்து', கம்புப் பஞ்சாயத்து. கம்பை எத்தனை முறை உபயோகித்தார்கள் என்று ஏட்டில் இல்லை. பெரும்பாலும் காட்டினாலே போதுமானதாக இருந்திருக்கும். வைத்திருப்பவர் நம்ம ஊர் மாமா, நாளைக்குக் கல்யாண வீட்டில் எதிரே உட்காருவார்.

பக்கத்துச் சமஸ்தானமான டெஹ்ரி கர்வாலில் வேறு பாடம் நடந்துகொண்டிருந்தது. 1930 மே 30 அன்று, காட்டு எல்லையை எதிர்த்து யமுனைக்கரையில் திலாரி என்ற இடத்தில் கூடியவர்கள் மேல் சமஸ்தானப் படை சுட்டது. பலர் செத்தார்கள். மகாராஜா அப்போது ஐரோப்பாவில் இருந்தார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

1931-இல் பிரிட்டிஷ் குமாவுனில் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன. உலகத்திலேயே பழமையான, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், சட்டப்படியான ஊர்க்காட்டு ஏற்பாடுகளில் இது ஒன்று. (பஞ்சாயத்திடம் காட்டை விடும் சோதனையைச் சென்னை மாகாணம் இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அது ஏன் இங்கே நிலைக்காமல் அங்கே நிலைத்தது என்பதைத் தமிழில் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.) ஊர்க்காரர்கள் மனுப் போட்டால் டெபுடி கமிஷனர் எல்லை பிரித்துக் கொடுப்பார்; ஊர் கூடி 'பஞ்ச்' எனப்படும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்; அவர்கள் ஒரு சர்பஞ்சை, அதாவது தலைவரை. காவலாள் வைப்பது, மீறினவருக்கு அபராதம் போடுவது, காட்டில் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு மூடுவது, புல் எப்போது அறுக்கலாம் என்று சொல்வது எல்லாம் அவர்கள் பாடு. மழை முடிந்து புல் முற்றியதும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு முன்னால் யாரும் அரிவாளோடு நுழையக் கூடாது. அன்றைக்கு வீட்டுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. ஒருத்தி இரண்டு பேருக்கான கட்டு கட்டினால் பக்கத்தில் அறுக்கிறவள் கண்ணில் படாமல் போகாது. பத்ரௌல் காலத்தில் காவலுக்கு ஒரு ஜோடிக் கண், அதுவும் சம்பளத்துக்கு. இப்போது ஊரிலுள்ள அத்தனை ஜோடியும், சம்பளமில்லாமல், பொறாமையோடு. உரிமை என்று பெரிய வார்த்தையில் சொல்வது நடைமுறையில் பெரும்பாலும் இந்தப் பொறாமைதான். சொந்த மரத்தைப் பக்கத்து வீட்டுக்காரி வெட்டுகிறாள் என்றால் நடுராத்திரியில் எழுந்து போகத் தோன்றும். சர்க்கார் மரத்துக்கு யார் போர்வையை விலக்குவார்கள்?

இதை ராமராஜ்யமாக நினைத்துவிட வேண்டாம். சர்பஞ்ச் நாற்காலியில் நெடுங்காலம் உட்கார்ந்தவர்கள் உயர்சாதி ஆண்கள். காட்டுக்குப் போவது பெண்கள், காட்டைப் பற்றிப் பேசுவது அவர்கள் வீட்டு ஆண்கள். தலித்துகளின் அரிவாளுக்கு அபராதம் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. தூங்கி வழிந்த பஞ்சாயத்துகளும் உண்டு, சர்பஞ்சே மரம் விற்ற பஞ்சாயத்துகளும் உண்டு. ஆனாலும் இந்தப் பஞ்சாயத்துகளுக்கு முப்பத்தேழு வயதாகியிருந்த 1968-இல், கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர், பொதுச்சொத்து என்றால் எல்லோரும் அள்ளிக்கொண்டு அழித்துவிடுவார்கள் என்று ஒரு கட்டுரை எழுதி உலகப்புகழ் பெற்றார். அவருடைய உதாரணத்தில் ஒரு மேய்ச்சல் நிலம், பல மேய்ப்பர்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். அல்மோராப் பக்கம் புல் அறுக்கும் நாளில் ஒருமுறை அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். பேச்சு காதைப் பிளந்திருக்கும். மனிதர்கள் கூடிப் பேசி விதி செய்துகொள்வார்கள் என்று எடுத்துக்காட்டிய எலினோர் ஆஸ்ட்ரோமுக்குப் பொருளாதார நோபல் கிடைக்க 2009 ஆயிற்று.

அதே 2009-இல் ஈ. சோமநாதன், பிரபாகர், மேத்தா என்ற மூன்று ஆய்வாளர்கள் வனத்துறைக் காட்டையும் வனப் பஞ்சாயத்துக் காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பஞ்சாயத்துக் காடு துறையின் காட்டுக்குச் சளைத்ததாக இல்லை, சில இடங்களில் ஒருபடி மேல் என்றுகூடச் சொல்லலாம். செலவோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஜீப் இல்லை, குவார்ட்டர்ஸ் இல்லை, பயணப்படி இல்லை.

நேபாளம் இதே பாடத்தைத் தனியாகக் காசு கொடுத்துப் படித்தது. 1957-இல் எல்லாக் காட்டையும் தேசியமயம் என்று அறிவித்தார்கள். எப்படியும் போகப்போகிறது என்று பல இடங்களில் மரம் சாய்ந்தது. பிறகு புத்தி வந்து, 1993 சட்டத்தில் ஊர்க் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். இன்று அங்கே 20,000-க்கு மேல் குழுக்கள். மொட்டையாக இருந்த நடுமலைச் சரிவுகள் பச்சையாகிவிட்டன.

குமாவுனில் என்ன ஆயிற்று? வெற்றி கண்ட திட்டத்துக்கு ஆகவேண்டியதுதான். ஊர்க்காரர்கள் நன்றாக நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் அதிகாரிகள் மேற்பார்வையிட வந்தார்கள். 1976-இல் விதிகளைத் திருத்தி வனத்துறைக்கு நாற்காலி போட்டார்கள். சொந்தக் காட்டுப் பிசின் விற்ற பணம் கலெக்டர் ஆபீஸ் வழியாகச் சுற்றி வரும். அதில் தன் பங்கை எடுக்க சர்பஞ்ச் மனுவோடு பஸ் ஏறவேண்டும். 2000-இல் மலைகளுக்கென்று தனி மாநிலம் வந்தது. மலைக்காரர்கள் ஆட்சி, இனி எல்லாம் சரியாகும் என்றார்கள். 2001-இல் வந்த புதிய விதிகள் துறையின் பிடியை இன்னும் இறுக்கின. எண்ணிக்கை மட்டும் ஜோராக ஏறியது; 11,000-க்கு மேல் வனப் பஞ்சாயத்துகள் இன்று.

நடுவில் 1973-இல் சமோலி மாவட்டத்தில் ஏர் செய்ய சில மரம் கேட்ட ஊர்க்காரர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, அதே மரத்தை டென்னிஸ் மட்டை செய்ய அலகாபாத் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் சிப்கோ இயக்கம் பிறந்தது, மறு வருடம் ரேணியில் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் கோடரிக்கு முன்னால் நின்றது எல்லாம். அதைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. எழுதாமல் விட்டது பின்கதை. மரத்தின் மேல் உரிமை கேட்டவர்களுக்கு, உரிமைக்குப் பதிலாக ஒரு தடை கிடைத்தது: 1981-இலிருந்து 1000 மீட்டர் உயரத்துக்கு மேல் பச்சை மரம் வெட்டக் கூடாது. கம்பெனியும் கூடாது, ஊரும் கூடாது.

பைனுக்கு இதைவிட நல்ல காலம் ஏது? வெயிலும் தீயும் பட்ட சரிவுகளில் அது ஓக்கின் இடத்தில் ஏறி உட்கார்ந்தது. ஊர்க்காரர்கள் இலேசாகக் களையெடுக்கலாம் என்றாலும் சட்டம் விடவில்லை. 2016 கோடையில் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் வாளியை முக்கித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றின. 2024-இல் மறுபடி எரிந்தது, மறுபடி ஹெலிகாப்டர். அந்த மே மாதம் அரசாங்கம் ஒரு திட்டம் அறிவித்தது: காட்டில் கிடக்கும் பிருலைப் பொறுக்கிக் கொண்டுவந்தால் கிலோவுக்கு 50 ரூபாய். முன்பு 3 ரூபாயாக இருந்தது. பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும் என்றார்கள். கொட்டும் மரத்தை என்ன செய்வது என்று திட்டத்தில் சொல்லவில்லை. அடுத்த பங்குனியில் அது மறுபடி கொட்டும். சாக்கோடு போனால் மறுபடி காசு.